ஏழாம் நிலை மந்திரமும் எங்கள் சித்தப்பாவின் வலது கையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மயூர் விஹார் வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஐந்து பையன்கள். என் பையனும் அவன் பள்ளிக்கூட நண்பர்களும். மேஜை மேல் இருபது முகம் கொண்ட பகடை, பென்சில், ஒரு சிப்ஸ் பாக்கெட், கட்டம் போட்ட காகிதம். "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்று ஒரு விளையாட்டு. திரையும் கிடையாது, பட்டனும் கிடையாது. ஒருவன் கதை சொல்லுவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் வாளை வீசுகிறேன்" என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். நம்ம ஊர் தாயக்கட்டையும் தெருக்கூத்தும் கல்யாணம் பண்ணிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

அன்றைக்கு என் பையனுடைய வீரனுக்குக் கை போய்விட்டது. கதை சொல்லும் பையன் கொஞ்சம் கொடுமைக்காரன் போல. வலது கை, மணிக்கட்டோடு. உடனே ஒரே கூச்சல். கூட்டத்தில் ஒரு பூசாரிப் பாத்திரம் உண்டு, அவன் மந்திரம் போட்டால் காயம் ஆறும். "காயம் ஆறும், ஆனா கை வராது. அதுக்கு ரீஜெனரேட் வேணும், அது ஏழாம் லெவல்" என்றான் ஒருவன்.

ஹாலில் சித்தப்பா 'தினமணி' படித்துக்கொண்டிருந்தார். என் பையன் திரும்பி, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்டான்.

"தாத்தா, உங்களுக்கு அந்த மந்திரம் கிடைச்சா வாங்கிப்பீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தப்பாவின் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் உண்டு. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "யோசிச்சு சொல்றேன்டா" என்றார்.

அந்தப் பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. நடுவில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பி.காம். படித்த பேங்க் ஆசாமி, சரித்திரம் எனக்குத் தொழில் அல்ல. ஆனாலும் போன உறுப்பு திரும்பி வருவதைப் பற்றி மனிதர்கள் என்னவெல்லாம் நினைத்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிட்டேன். தேடியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர் உண்டாக்கியது. 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டிலேயே இந்த மந்திரம் பூசாரிகளுக்கான ஏழாம் நிலையில் இருக்கிறது. பூசாரிக்கு அதற்கு மேல் நிலையே கிடையாது அப்போது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் விதி இப்படி: மந்திரம் சொல்ல ஒரு நிமிஷம். கையில் ஒரு பிரார்த்தனைச் சக்கரமும் தீர்த்தமும் இருக்க வேண்டும். (மஜ்னு கா டீலா திபெத்தியர் காலனிக்குப் போனவர்களுக்குத் தெரியும், உருட்டி உருட்டிப் போவார்களே, அதே சக்கரம்தான்.) இரண்டு நிமிஷத்தில் போன உறுப்பு முளைத்துவிடும். வெட்டுப்பட்ட துண்டு கையில் இருந்து, அதை வெட்டு வாயில் பிடித்துக்கொண்டால் உடனே ஒட்டிக்கொள்ளும்.

இதைப் போடுகிற தகுதி பூசாரிக்கு வர அவன் பதின்மூன்றாம் நிலைக்கு ஏற வேண்டும். சின்னப் பசங்க மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஆடினால்தான் அது வரும். ஆக, விளையாட்டிலேயே கூட காயம் ஆறுவது ஒரு கணக்கு, கை திரும்புவது வேறு கணக்கு. முதலாவது சேவிங்ஸ் அக்கவுண்ட் மாதிரி, எவனும் ஆரம்பிக்கலாம். இரண்டாவது பெரிய லோன், எல்லோருக்கும் சாங்க்‌ஷன் ஆகாது.

சரி, நம்ம பக்கம் வருவோம். நம் கதைகளில் கடவுள் கேட்டவுடன் கொடுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு.

சுந்தரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, திருவாரூர் ஞாபகம் வந்து கிளம்புகிறார். எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது. கதறுகிறார். பக்கத்தில் திருவெண்பாக்கம். அங்கே சாமி என்ன கொடுத்தார்? கண்ணா? இல்லை. ஒரு ஊன்றுகோல்! காஞ்சிபுரம் ஏகாம்பரநாதரிடம் போன பிறகுதான் இடது கண். வலது கண் திருவாரூர் போய்ச் சேர்ந்த பிறகு. இறைவனுக்கே தோழர் என்று பெயர் வாங்கியவருக்கே தவணை முறையில்தான் கிடைத்திருக்கிறது பாருங்கள்!

அந்த ஊன்றுகோல் கொடுத்த ஊர் இப்போது தண்ணீருக்கு அடியில். சென்னைக்குக் குடிநீர் தருகிற பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் கட்டி முடிந்தது. அதற்காகப் பழைய ஊர் மூழ்க, கோயிலைப் பூண்டிக்கு மாற்றிக் கட்டினார்கள். ஊன்றீஸ்வரர் கோயில் என்று பெயர். சுந்தரர் கோபத்தில் கோலை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு உடைந்தது என்று தலக்கதை. எனக்கு அந்தக் கோபம் பிடித்திருக்கிறது. கண் கேட்டவன் கையில் கம்பைக் கொடுத்தால் வேறு என்ன செய்வான்?

அடுத்து பொற்கைப் பாண்டியன். இரவில் நகர்வலம் வந்தபோது கீரந்தை என்பவன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அந்தத் தப்புக்குத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட ராஜா. பழி அந்த ஒரு வீட்டின் மேல் விழக்கூடாதென்று தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினான் என்பது நாம் பள்ளிக்கூடத்தில் கேட்ட வடிவம். சிலப்பதிகாரத்திலேயே இந்தச் சேதி வந்துவிடுகிறது. அவனுக்குச் சதைக் கை திரும்பி வரவில்லை. பொன்னால் கை செய்து போட்டுக்கொண்டான், பெயரே அதுவாக நிலைத்துவிட்டது. ரிக் வேதத்தில் இன்னும் பழைய கதை ஒன்று. விஷ்பலா என்பவளுக்குப் போரில் கால் போகிறது. தேவ மருத்துவர்களான அசுவினிகள் உலோகக் கால் பொருத்துகிறார்கள். விஷ்பலா பெண்ணே அல்ல, பந்தயக் குதிரை என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும், தேவலோக டாக்டர்களே செயற்கைக் கால்தான் கொடுத்தார்கள்!

திரும்பக் கிடைக்காமலே போனவன் ஒருவன் உண்டு. ஏகலைவன். இங்கே தில்லியில் இருப்பவர்களுக்கு அவன் பக்கத்து ஊர்க்காரன். குர்காவ்ன் என்பதே துரோணருக்குக் கிடைத்த கிராமம் என்று ஐதீகம். 2016-ல் பெயரையும் குருகிராம் என்று மாற்றிவிட்டார்கள். அங்கே காண்ட்ஸா என்ற இடத்தில் ஏகலைவனுக்குச் சின்னதாக ஒரு கோயில் உண்டு. கேட்டவுடன் வலது கட்டைவிரலை அறுத்துக் கொடுத்தான். அதற்கப்புறம் மிச்சமிருந்த விரல்களால் அம்பு விட்டான், ஆனால் பழைய வேகம் வரவில்லை என்று மகாபாரதம் சொல்கிறது. எந்தத் தெய்வமும் வந்து அவன் விரலை முளைக்க வைக்கவில்லை.

கதைகள் போதும். நிஜமாக நடந்ததற்கு வருவோம்.

சுஸ்ருதர் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்யும் முறையை எழுதி வைத்தது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தொழில் ஏட்டோடு நிற்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பெயர் கவாஸ்ஜி. ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தான் படையிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தார். பிறகு பூனா பக்கத்தில் செங்கல் சூளை ஜாதியைச் சேர்ந்த ஒருவர், மெழுகில் மூக்கு மாதிரி செய்து, அதை நெற்றியில் விரித்து அளவெடுத்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலை அறுத்து, கீழே மடித்து மூக்காக ஒட்டினார். பம்பாயைச் சேர்ந்த ஆங்கிலேய டாக்டர்கள் அருகில் நின்று பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' பத்திரிகையில் படத்தோடு வெளிவந்தது. அதைப் படித்து கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் பிணங்களில் பழகி, 1814-ல் உயிருள்ள ஆளுக்குச் செய்து, 1816-ல் புத்தகமாகப் போட்டார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் சரித்திரத்தில் இது பெரிய அத்தியாயம்.

எல்லோரும் அந்த மூக்கைப் பற்றியே பெருமையாகப் பேசுகிறோம். எனக்கு அந்தக் கையைப் பற்றித்தான் யோசனை. வெட்டினது இரண்டு, திரும்பினது ஒன்று. தோலும் சதையும் வைத்து மூக்கு செய்துவிடலாம். கைக்கு எலும்பு வேண்டும், தசைநார் வேண்டும், நரம்பு வேண்டும், ரத்தக்குழாய் வேண்டும். பூனாவின் அந்தக் கைதேர்ந்த மனிதராலும் அது முடியாது. கவாஸ்ஜிக்குக் கம்பெனி பென்ஷன் கொடுத்தது. கைக்குப் பதில் பணம்.

இந்த இடத்தில்தான் எங்கள் சித்தப்பா வருகிறார்.

கும்பகோணத்திலிருந்து 1984-ல் தில்லிக்கு வந்தவர். ஓக்லாவில் தகரத்தை அழுத்தி பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் பவர் பிரஸ் மிஷினில் வேலை. 1989-ல் ஒரு நாள் இரவு ஷிப்டில் மிஷின் தானாக இரண்டாம் தடவை இறங்கிவிட்டது. வலது கையில் நான்கு விரல்கள். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. தந்தி வந்த அன்றைக்குப் பாட்டி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. அப்புறம் வேறு யாரையும் பார்க்க அவர் சம்மதிக்கவே இல்லை.

அப்போது நடைமுறையில் இருந்த 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை உண்டு. நான் பேங்க் பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் முதலில் பார்த்தேன். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஒரே கையில் நான்கு விரல் போனால் 50. கையே போனால் 60. இரண்டு கையும் போனால் 100. உடம்பைப் பாகம் பாகமாகப் பிரித்து எழுதின லெட்ஜர். படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அந்த லெட்ஜராவது வேண்டும், இல்லையென்றால் முதலாளி கொடுத்ததுதான் விலை. சித்தப்பாவுக்கு அதுதான் நடந்தது. அவர் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவும் இரண்டு மாதச் சம்பளமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதைவிட அவரை அவமானப்படுத்தியது வேறொன்று. சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் பணம் வைத்திருந்தார். இடது கையால் கையெழுத்துப் போட்டு எடுக்கப் போனால், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான்கு நடை. ஐந்தாவது தடவைதான் ஒரு மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, புது மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாராம். கையெழுத்துப் போட முடியாதவர்களிடம் கட்டைவிரல் ரேகை வாங்கலாம், அதுவும் இல்லையென்றால் கால் விரல் ரேகையே வாங்கலாம், இரண்டு சாட்சி போதும் என்று ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கை இருக்கிறது. இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது தேவைப்பட்டால் தைரியமாகக் கேளுங்கள், உரிமை.

சித்தப்பா ஆறு மாதம் வரிக்கோடு நோட்டில் 'அ, ஆ' எழுதிப் பழகி, ஒரு ஸ்டோர்ஸில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய், அதிலேயே ரிட்டயர் ஆனார். 2008-ல் எனக்குத் தில்லிக்கு மாற்றல் வந்தபோது ஸ்டேஷனுக்கு வந்து இடது கையால் பெட்டியைத் தூக்கியவர் அவர்தான். எழுத்து இப்போது என்னுடையதைவிட அழகு. ஒன்றே ஒன்று, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரமாட்டார். இடது கையால் இலையில் சாப்பிட அவருக்கு மனசு வராது, ஸ்பூன் கேட்கவும் கூச்சம். வீட்டுக்கு வந்து தனியாகச் சாப்பிடுவார்.

காலுக்கு இந்த நாட்டில் ஒரு நல்ல வழி பிறந்தது. 1968-ல் ஜெய்ப்பூர் எஸ்.எம்.எஸ். ஆஸ்பத்திரியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரில் கால் செய்தார்கள். அதற்கு ஷூ வேண்டாம், சம்மணம் போடலாம், வயலில் இறங்கலாம். 1975-ல் டி.ஆர். மேத்தா ஆரம்பித்த அமைப்பு அதை இலவசமாகவே கொடுக்கிறது. 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், அந்தக் காலோடு மறுபடி பரதம் ஆடி, 1985-ல் 'மயூரி' என்ற தெலுங்குப் படத்தில் தன் கதையில் தானே நடித்தார். கைக்கு அப்படி எளிதாக ஒன்று வரவில்லை. கால் நம்மைத் தாங்கினால் போதும். கை ஊசியும் கோக்க வேண்டும், தோசை சூடா என்றும் பார்க்க வேண்டும்.

விளையாட்டில் துண்டை வெட்டு வாயில் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்றேனே, அது ஓரளவு நிஜமாகிவிட்டது. 1962-ல் பாஸ்டனில் ரயிலில் அடிபட்ட பன்னிரண்டு வயதுப் பையனின் துண்டான கையை ஒட்டினார்கள். இப்போது நம் பெரிய ஊர்களில் பல இடங்களில் செய்கிறார்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து உடனே ஓட வேண்டும். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. இதை மட்டும் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரஸ்ஸில் நசுங்கியதை ஒட்டுவது கஷ்டம். சித்தப்பாவுடையதை யாரும் எடுத்து வைக்கவும் இல்லை.

அடுத்தவர் கையையே பொருத்துவதும் வந்துவிட்டது. 1998-ல் பிரான்ஸில் லியோன் நகரில் ஒரு நியூசிலாந்துக்காரருக்குப் பொருத்தினார்கள். அவரால் மருந்துகளோடு வாழ முடியவில்லை, அது தன் கை என்ற எண்ணமும் வரவில்லை. 2001-ல் அவரே கேட்டு எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2015-ல் கொச்சி அமிர்தா ஆஸ்பத்திரியில் முதல் தடவை. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில். 2024 ஜனவரியில் இங்கே தில்லி சர் கங்காராம் ஆஸ்பத்திரியில், ரயில் விபத்தில் இரண்டு கையும் இழந்த ஒரு பெயின்டருக்கு. கொடுத்தவர் மூளைச்சாவடைந்த ஒரு பள்ளிக்கூட அம்மா. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆபரேஷன். அந்தப் பெயின்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. உடம்பு அந்தக் கையை ஒதுக்கிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க மருந்து சாப்பிட வேண்டும், அது நோய் எதிர்ப்பைக் குறைத்துவிடும். அதனால் பெரும்பாலும் இரண்டு கையும் போனவர்களுக்குத்தான் இதை யோசிக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வருஷம் சித்தப்பாவின் பாஸ்புக்கில் பதிவு போட எடுத்துப்போனேன். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு பேப்பர் துண்டு. அந்தப் பெயின்டர் படம். ஓரம் நேராக, கவனமாக வெட்டியிருந்தார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அப்படியே வைத்துவிட்டேன். வேண்டாம் என்று பழகிப்போய்விட்டது அவருக்கு என்று இத்தனை வருஷம் நான் நினைத்திருந்தது பொய். அந்த வெட்கத்தில்தான் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. பையன் கேட்டுவிட்டான்.

மூன்று வாரம் கழித்து அதே மேஜை, அதே பையன்கள். சித்தப்பா தானாகவே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் கேட்டியே. கிடைச்சா வாங்கிப்பேன்டா. வேண்டாம்னு யாரு சொல்லுவா? ஆனா பேங்க்ல மறுபடி கையெழுத்து மாத்தணும், உங்கப்பா நாலு தடவை அலைய விடுவான்" என்றார். பையன்கள் சிரித்தார்கள். நானும்.

பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, "விரல் வந்தா முதல்ல ரசம் சாதம் பிசைஞ்சு சாப்பிடணும். அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றார்.

என் பையன் தன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "என் ஆளுக்கு இப்போ லெவல் வராது தாத்தா. இடது கையால வாள் பிடிக்க எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டான்.

"ஆறு மாசம்" என்றார் சித்தப்பா. "தினமும் எழுதினா."

மானேசர், ஃபரிதாபாத் பக்கம் பவர் பிரஸ்கள் இன்றைக்கும் விரல்களை வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டு வருகிறது. ஏகலைவன் கோயிலிலிருந்து அந்தப் பட்டறைகள் ரொம்ப தூரமில்லை. மந்திரத்துக்கு முன்னால் மிஷினுக்கு ஒரு தடுப்புக் கம்பி போடலாம். அதற்குப் பதின்மூன்றாம் நிலையெல்லாம் வேண்டாம்.

அடுத்த மாதம் ஆர்.கே.புரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். சித்தப்பாவைப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார வைப்பதாக இருக்கிறேன். என் இலைக்கும் பையன் இலைக்கும் ஸ்பூன் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் ஸ்பூனால் சாப்பிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?